துணி காயப்போடவா ட்ரெட்மில்?

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ட்ரெட்மில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் வாங்கியது. ஜிம்மெல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். ‘இனிமே வீட்டுலயே தினம் அஞ்சு கிலோமீட்டர்!’ என்று சபதம் போட்டு, சோபாவை நகர்த்தி, டீப்பாயை பரணில் ஏற்றி, அதற்கு ராஜ மரியாதையோடு இடம் ஒதுக்கினோம்.

முதல் மாதம் ஓடினேன். இரண்டாம் மாதம் நடந்தேன். மூன்றாம் மாதம் மழைக்காலம் வந்தது. மொட்டை மாடியில் துணி காயவில்லை. ‘இன்னிக்கு ஒரு நாள்தானே’ என்று நாலு பனியனை எடுத்து அதன் கைப்பிடியில் போட்டோம். அவ்வளவுதான்! அதற்கப்புறம் அது ட்ரெட்மில் இல்லை, கொடி.

என்ன, சிரிப்பு வருகிறதா? உங்கள் வீட்டு எக்சர்சைஸ் சைக்கிளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்!

எனக்கும் அது வெறும் சிரிப்பு சமாசாரமாகத்தான் இருந்தது, 2022ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை. அன்றைக்கு அம்மா தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். வயது 69. நறுக்கி முடித்து எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. சுவரைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். ம்ஹும்.

“டேய், கொஞ்சம் கையைக் குடுடா...”

ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். விழவில்லை, அடிபடவில்லை, வலிகூட இல்லை. ஆனால் கால் தூக்கிக் கொடுக்கவில்லை. “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று சிரித்தபடியே சமையலறைக்குப் போய்விட்டாள் அம்மா.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில், பாத்ரூமில் இப்படி உட்கார்ந்துவிட்டால்? கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால்? அம்மா எழுந்திருக்க முடியாமல் தவித்த இடத்துக்கும் அந்த ட்ரெட்மில்லுக்கும் நடுவே ஆறடிதான் தூரம். அத்தனை ரூபாய் கொட்டி வாங்கிய மெஷின், வீட்டில் யாருக்கு அவசியம் பலம் வேண்டுமோ அவளுக்கு உபயோகமே இல்லாமல் நிற்கிறது! எனக்கும்தான் என்ன உபயோகம்?

‘வீட்டு ஜிம்’ என்றால் நிஜத்தில் என்ன என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். நான் பட்ட செலவை நீங்களும் படவேண்டாமே!

‘வாக்கிங் போறேனே, போதாதா?’

டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போனோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, “எலும்பு, மூட்டெல்லாம் வயசுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கு. தொடைத் தசைதான் இளைச்சுப்போச்சு. வேலை குடுங்க, திரும்பி வரும்” என்றார்.

“தினம் கோயிலுக்கு நடந்து போறேனே?” என்றாள் அம்மா.

நம்மில் பலரும் கேட்கிற கேள்விதான் இது. நடப்பது இதயத்துக்கும் ரத்த ஓட்டத்துக்கும் ரொம்ப நல்லது. ஆனால், சமதரையில் நடக்கும்போது உடம்பு எடையைக் கீழேயிருந்து மேலே தூக்கவேண்டிய வேலை தொடைக்கு அதிகம் இல்லை. அந்தத் தசைக்குத் தனியாக வேலை கொடுத்தால்தான் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். வேகமாக ஓடுவது மாதிரியான கடும் உழைப்பு என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இது முதல் பாதி. இதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம். வாரத்தில் குறைந்தது 2 நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி! 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது, உடம்பு தள்ளாடாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும் சேர்த்துச் செய்யவேண்டும்.

முப்பது வயதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கிறது. அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது. கண்ணாடியில் இது தெரியாது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்வதால், தராசு முள்கூட அப்படியே நிற்கும். ஒருநாள் தரையிலிருந்து எழ முடியாதபோதுதான் தெரியும்.

ஷுகர்காரர்களுக்கு இன்னொரு விஷயம். சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிவைத்துக்கொள்வது தசைகள்தான். தசை குறைந்தால் சர்க்கரை போய்த் தங்க இடம் குறைகிறது. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. ஆக, தசை பலம் என்பது வாலிபர்கள் ‘பாடி’ காட்டுகிற விஷயம் மட்டுமில்லை!

தொண்ணூறு வயசுலயுமா?

“அறுபத்தொன்பது வயசுல நான் வெயிட் தூக்கணுமா? ஊர் சிரிக்கும்” என்றாள் அம்மா.

அவளுக்கு நான் சொன்ன கதை இது. 1990ல் அமெரிக்காவில், பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் வயது தொண்ணூறை ஒட்டி. தள்ளாதவர்கள். எட்டு வாரம், டாக்டர்களின் மேற்பார்வையில், கால் தசைக்குப் பளு தூக்கும் பயிற்சி. ஒருவர் நடுவில் நின்றுவிட, 9 பேர் முடித்தார்கள். அவர்கள் கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் அதிகமாகியிருந்தது! அதாவது முன்பைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

தொண்ணூறு வயதுத் தசையே கூப்பிட்டால் வருகிறது. உங்கள் தசையும் என் தசையும் வராதா?

முதலில் ஒரு பரீட்சை

கடைக்குப் போகும் முன் இந்தச் சின்னப் பரீட்சையை வீட்டில் எல்லாரும் செய்து பாருங்கள். சுவரோரமாக, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைப் போடுங்கள். உயரம் சுமார் 17 அங்குலம். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து, முழுதாக உட்காருங்கள். 30 விநாடியில் எத்தனை தடவை முடிகிறது? வயதானவர்கள் என்றால் ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

60 முதல் 64 வயதுக்குள் ஆண்கள் 14, பெண்கள் 12. 65 முதல் 69க்குள் ஆண்கள் 12, பெண்கள் 11. 70 முதல் 74க்குள் ஆண்கள் 12, பெண்கள் 10. இந்த எண்ணிக்கைக்குக் கீழே போனால் கால் பலம் சராசரியைவிடக் குறைவு, விழுகிற அபாயம் அதிகம் என்று அர்த்தம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் மதிப்பெண் சைபர்.

அம்மா எடுத்தது 6. வேடிக்கை பார்க்க வந்த எனக்கு மூச்சு வாங்கியது தனிக் கதை!

எங்கே வைக்கலாம்?

வீட்டு ஜிம்முக்குத் தனி ரூம் வேண்டும் என்று யார் சொன்னது? ஆறடிக்கு ஆறடி காலி இடம் போதும். ஒரு ஆள் கையை விரித்தால் எதிலும் இடிக்கக்கூடாது, படுத்தால் கால் எதிலும் முட்டக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்கவேண்டியவை சில:

காற்றோட்டம் வேண்டும். தலைக்கு மேல் ஃபேன் தாழ்வாக இருந்தால் கையைத் தூக்கும் பயிற்சிக்கு அந்த இடம் வேண்டாம்.

மொசைக், டைல்ஸ் தரை வியர்வை பட்டால் வழுக்கும். வழுக்காத ரப்பர் விரிப்பு அவசியம். கோரைப் பாய் நகர்ந்துவிடும், வேண்டாம்.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா? வீட்டுத் தளங்களைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்கும் கணக்கில்தான் போடுகிறார்கள். சாதாரண டம்ப்பெல், சைக்கிள் இவற்றுக்குக் கவலையில்லை. ஆனால் எடையை ‘தொம்’மென்று போடுகிற பழக்கம் கூடாது. டைல்ஸ் விரிசல் விடும். காலை அஞ்சு மணிக்குக் கீழ் வீட்டு மாமா வந்து காலிங்பெல் அடிப்பார்!

முக்கியமான விஷயம், சாமான்கள் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டும். கட்டிலுக்கு அடியில் போன டம்ப்பெல் திரும்பி வராது. டி.வி.க்குப் பக்கம், பால்கனிக்குப் போகிற வழி என்று தினம் நாலு தடவை கடந்து போகிற இடமாகப் பாருங்கள்.

என்ன வாங்கலாம்?

பைசா செலவில்லாத ஜிம் ஏற்கனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. கெட்டியான நாற்காலி. சுவர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கிலோ டம்ப்பெல். பழைய ஸ்கூல் பையில் புத்தகத்தை அடுக்கினால் மூன்று கிலோவும் ஆகும், எட்டு கிலோவும் ஆகும். ஐந்து கிலோ அரிசிப் பை இல்லாத வீடு உண்டா?

அப்புறம் மாடிப்படி. 1953ல் லண்டனில் மாடி பஸ் ஊழியர்களிடம் நடத்திய ஆராய்ச்சி பிரசித்தம். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, பஸ்ஸுக்குள் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். லிஃப்டை மறந்தால் அதுவே பாதி ஜிம்!

முதல் மூன்று மாதம் இவற்றை வைத்தே ஓட்டுங்கள். பழக்கம் நின்றுவிட்டது என்று தெரிந்தபிறகு கடைக்குப் போகலாம். அப்போதும் முதலில் வாங்கவேண்டியவை சின்னச் சாமான்கள்தான்:

ரப்பர் விரிப்பு ஒன்று. இழுத்துப் பயிற்சி செய்கிற ரப்பர் பட்டை, அதாவது ரெசிஸ்டன்ஸ் பேண்ட், லேசானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று. இரண்டு கிலோ, ஐந்து கிலோவில் ஒவ்வொரு ஜோடி டம்ப்பெல். வாலிபப் பிள்ளைகள் இருந்தால் எடையைக் கூட்டிக் குறைக்கிற டம்ப்பெல் செட் வாங்கலாம். இவ்வளவையும் மடித்து ஒரு கூடையில் போட்டுவிடலாம்.

ரப்பர் பட்டையை ஒவ்வொரு தடவையும் விரித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். இழுக்கும்போது அறுந்தால் நேராகக் கண்ணில் அடிக்கும்.

கர்லாக்கட்டை தெரிந்த தாத்தாக்கள் இருந்தால் விடாதீர்கள், கற்றுக்கொள்ளுங்கள். தண்டால், பஸ்கி, கர்லா மூன்றும் நம் தேகப்பயிற்சி சாலைகளின் பழைய பாடம். ஜெர்மனியில் பிறந்த பயில்வான் யூஜின் சாண்டோ 1904-05ல் இந்தியாவெங்கும் சுற்றிக் காட்சி நடத்திவிட்டுப் போனார். கட்டுமஸ்தான ஆளைக் கண்டால் ‘சாண்டோ’ என்று கூப்பிடுகிற வழக்கம் நம் ஊரில் வேரூன்றியது. சினிமாத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கு முன்னால் ‘சாண்டோ’ ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான். ஆனால் கர்லாவை ஆசான் இல்லாமல் சுற்றவேண்டாம். தோள்பட்டை போய்விடும்.

ட்ரெட்மில்தான் வேணும் என்கிறவர்களுக்கு...

வெளியே நடக்க ரோடு சரியில்லை, தெருநாய்த் தொல்லை, வெயில், ராத்திரி ஷிஃப்ட்... இப்படி நியாயமான காரணம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடையில் இதையெல்லாம் கேளுங்கள்:

‘பீக்’ குதிரைத்திறன் என்று பெரிய எண் போட்டிருப்பார்கள். அது சில நொடிகளுக்கான பலம். தொடர்ந்து ஓடுகிற திறன் எவ்வளவு என்று கேளுங்கள். நடக்க மட்டும் என்றால் 2, ஓடவும் செய்வீர்கள் என்றால் 3 குதிரைத்திறனை ஒட்டிப் பாருங்கள்.

வீட்டில் அதிக எடை உள்ளவரைவிட 20 கிலோவாவது கூடுதலாகத் தாங்கவேண்டும்.

சட்டையில் மாட்டிக்கொள்கிற பாதுகாப்புச் சாவி இருக்கவேண்டும். நீங்கள் தடுமாறினால் அது பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றுவிடும். மாட்டாமல் ஏறவே கூடாது.

மெஷினுக்குப் பின்னால் ஆறடி, இரண்டு பக்கமும் ஒன்றரை அடி காலியாக விடுங்கள். பின்னால் சுவர் இருந்தால், விழுகிறவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்வார்.

எர்த் சரியாக உள்ள 15 அல்லது 16 ஆம்பியர் பிளக்கில் நேராகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் எண்ணெய்தான் விடவேண்டும். தேங்காய் எண்ணெய் விட்ட புண்ணியவான்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்!

உங்கள் ஊரிலேயே சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ட்ரெட்மில்லைவிட எக்சர்சைஸ் சைக்கிள் இதமானது. விலை குறைவு, இடம் குறைவு, பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட்டும் வேண்டாம். பெடல் கடைசிக் கீழ்நிலையில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கிற உயரத்தில் சீட்டை வையுங்கள்.

இன்னொரு யோசனை. செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். என்னைப்போல் கொடி கட்டி வைத்திருக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்!

வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற சூடேற்றும் பெல்ட், நின்றால் உடம்பை உலுக்குகிற மெஷின், ‘பத்தே நாளில் தொப்பை மாயம்’ சமாசாரங்கள் பக்கம் போகாதீர்கள். பெல்ட்டில் குறைவது வியர்வைத் தண்ணீர். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பிவிடும்.

குடும்பத்துக்கு ஆறு பயிற்சி

முதல் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து, தோளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்குங்கள். ஒவ்வொரு பயிற்சியும் 8 முதல் 12 தடவை. ஒரு நிமிடம் ஓய்வு. மறுபடி ஒரு சுற்று. மூச்சை அடக்காதீர்கள். பலம் கொடுக்கும்போது வெளியே விடுங்கள், திரும்பும்போது உள்ளே இழுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினால் பி.பி. சட்டென்று எகிறும்.

1. உட்கார்ந்து எழுதல்: நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருங்கள். ‘தொப்’பென்று விழக்கூடாது. முடியாதவர்கள் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாலிபர்கள் நாற்காலியை நகர்த்திவிட்டுப் பஸ்கி போடலாம்.

2. சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளை மார்பு உயரத்தில் ஊன்றி, முழங்கையை மடக்கி முன்னால் சாய்ந்து திரும்புங்கள். சுலபமாகிவிட்டால் அசையாத மேஜை விளிம்பு, அப்புறம் தரை.

3. இழுத்தல்: ரப்பர் பட்டையைக் கெட்டியான ஜன்னல் கம்பியில் மாட்டி, இரண்டு முனைகளையும் பிடித்து, முழங்கைகளைப் பின்னால் கொண்டுபோங்கள். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே இருப்பவர்களின் முதுகுக்கு நல்ல மருந்து.

4. தலைக்கு மேல் தூக்குதல்: தண்ணீர் பாட்டிலோ டம்ப்பெல்லோ தோள் உயரத்திலிருந்து மேலே. தோள் வலி உள்ளவர்கள் முகத்தளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5. குதிகால் உயர்த்தல்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முடிந்ததும், பிடித்தபடியே ஒற்றைக் காலில் பத்து விநாடி. தள்ளாடாமல் நிற்கப் பழக்குவது இதுதான். குக்கர் விசில் வருகிற நேரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்!

6. பை சுமந்து நடத்தல்: இரண்டு கையிலும் சம எடைப் பை. முதுகு நிமிர்ந்து, ஹாலில் நாலு நடை.

இதை வாரம் இரண்டு நாள், உதாரணமாகத் திங்களும் வியாழனும். நடுவில் தசைக்கு ஓய்வு வேண்டும். மற்ற ஐந்து நாள் தலா 30 நிமிடம் வேக நடை. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். ஐந்து முப்பது நூற்றைம்பது. கணக்குத் தீர்ந்தது!

12 தடவை சிரமமில்லாமல் வருகிறதா? அடுத்த வாரம் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். இந்த ஒரு விதியை மறந்தால், வருஷக்கணக்காகச் செய்தாலும் பலம் ஓர் இடத்தோடு நின்றுவிடும். ஆரம்பத்தில் இரண்டு நாள் உடம்பு வலிக்கும். அது தசை வலி, போய்விடும். மூட்டில் ‘சுருக்’கென்று குத்தினால் அது வேறு. உடனே நிறுத்துங்கள்.

பருவ வயதுப் பிள்ளைகளும் செய்யலாம். ‘வெயிட் தூக்கினா உயரமாக மாட்டான்’ என்பதற்கு ஆதாரமில்லை. முறையாக, பெரியவர்கள் பார்வையில், கனமில்லாத எடையில் செய்யவேண்டும். ஆனால் ஜிம் நண்பன் கொடுத்த ஊசி, மாத்திரை என்று பிள்ளை எதையாவது கொண்டுவந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்.

யார் டாக்டரைக் கேட்கவேண்டும்?

இதய நோய் உள்ளவர்கள், மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்தவர்கள், நடந்தால் நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வருகிறவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். பி.பி. 180க்கு 110ஐத் தாண்டி நிற்கிறதா? அது கட்டுக்குள் வரும்வரை எடை தூக்கவேண்டாம்.

ஷுகருக்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. பக்கத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் நிறுத்திவிட்டு வாயில் போடுங்கள். செருப்போ ஷூவோ இல்லாமல் நடக்கவேண்டாம், முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள். ஷுகரால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கண் டாக்டரைக் கேட்காமல் முக்கித் தூக்குகிற எந்தப் பயிற்சியும் செய்யக்கூடாது.

பயிற்சியின்போது நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, கண் இருட்டல்... இவை வந்தால் ‘வாயுவா இருக்கும்’ என்று உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

குழந்தைகள் ஜாக்கிரதை!

ஓடுகிற ட்ரெட்மில் பெல்ட்டில் குழந்தையின் கை பட்டால் தோல் உரிந்து வெந்துவிடும். 2021ல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்தபிறகு, ஒரு கம்பெனி ஒரு மாடல் முழுவதையும் திரும்பப் பெற்றது. ஆகவே வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, சாவியைக் கழற்றி, உயரத்தில் வையுங்கள். சாவிக் கயிறும் பட்டையும் குழந்தை கழுத்துக்கு எட்டுகிற மாதிரி தொங்கக்கூடாது. சைக்கிள் சக்கரம், செயினில் விரல் போகாமல் மூடி இருக்கவேண்டும். டம்ப்பெல்லை மேஜை மேல் வைக்காதீர்கள், தரையில் வையுங்கள். உருண்டு விழுகிற ஐந்து கிலோ, தவழ்கிற குழந்தைக்கு எமன்.

ஏன் நின்றுபோகிறது?

இரண்டு வருஷம் கொடி கட்டியவன் என்ற தகுதியில் சொல்கிறேன். நான் நிறுத்தியதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் என்று இலக்கு வைத்தது. தனியாகச் செய்தது. அதற்கென்று ஒரு நேரம் வைக்காதது. இந்த மூன்றும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் நேரம் காலை 6:15. பால் காய்ந்து, காபி குடித்தபிறகு. பத்து நிமிடம்தான் முடியுமா, பத்து நிமிடம். ஆனால் நாளைத் தவறவிடுவதில்லை. தினசரி காலண்டரில் செய்தவர் பெயருக்கு நேராக ஒரு டிக். இரண்டு நாள் தொடர்ந்து டிக் விழாதவர் அன்று பாத்திரம் கழுவவேண்டும். இந்தச் சட்டம் போட்டது பிளஸ் ஒன் படிக்கிற என் பெண். அதிகம் மாட்டிக்கொண்டது நான்!

அம்மா? முதல் வாரம் நாற்காலியில் இரண்டு தலையணை. மூன்றாம் வாரம் ஒன்று. ஒன்றரை மாதத்தில் வெறும் நாற்காலி. அப்புறம் கையில் ஒரு கிலோ பாட்டில். “ஊர் சிரிக்கும்”னு சொன்னவள், எதிர்வீட்டு மாமியையும் கூட்டிவந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்துப் பழைய பரீட்சையை வைத்தோம். 6 எடுத்தவள் 11 எடுத்தாள்.

அதைவிடப் பெரிய பரீட்சை அடுத்த வாரம் நடந்தது. அம்மா மறுபடி அரிவாள்மனையை எடுத்துவைத்துத் தரையில் உட்கார்ந்தாள். நறுக்கி முடித்தாள். நான் ஹாலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய்க் கை கொடுக்கலாமா என்று கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு முழங்காலை ஊன்றினாள். இன்னொரு காலை முன்னால் வைத்தாள். தொடையில் கையை அழுத்தினாள். எழுந்துவிட்டாள்!

“என்னடா அப்படிப் பார்க்கறே? அந்தத் துணியெல்லாம் காஞ்சிருக்கும், எடுத்து மடி” என்றபடி உள்ளே போனாள்.

எடுத்து மடித்தேன். மறுநாள் காலை, ட்ரெட்மில்லைத் துடைத்து பிளக்கை மாட்டினேன்.

உங்கள் வீட்டில் இன்றைக்கே ஒரு நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போடுங்கள். உங்கள் ஜிம் திறந்தாகிவிட்டது!